எக்ஸ்பிரஸுக்கு நெஞ்சுவலி

கொடைரோடு ஸ்டேஷனில் எப்பேர்ப்பட்ட எக்ஸ்பிரஸும் இரண்டு நிமிஷமாவது நின்றுவிட்டுத்தான் போகும். திண்டுக்கல்லில் எங்கள் சுகாதார ஆபீசில் ஒரு எக்ஸ்பிரஸ் இருந்தார். அவர் வழியில் எங்கேயும் நின்றதாக வரலாறே கிடையாது. கிராமம் கிராமமாகச் சைக்கிளில் போய் அம்மை குத்துவது அவர் உத்தியோகம். அரசாங்கம் அவருக்கு ஒரு பெயர் வைத்திருந்தது. வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயரைத் தினமும் எழுதிய குமாஸ்தா நான்தான். ஆனால் இப்போது எவ்வளவு மண்டையைச் சொறிந்தாலும் அது ஞாபகத்துக்கு வரமாட்டேன் என்கிறது.

ஐம்பதுகளின் கடைசி அது. எனக்கு வயது இருபத்திரண்டு. அவருக்கு ஐம்பத்து மூன்று, ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம். ஒல்லியான ஆள், முகம் முழுக்க அம்மைத் தழும்பு, காக்கி டிராயர். கேரியரில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் அம்மைப்பால் என்கிற தடுப்பு மருந்து அடைத்த கண்ணாடிக் குழாய்கள், ஸ்பிரிட் விளக்கு, திருகிக் குத்துகிற ஊசி. சைக்கிளில் பெல் கிடையாது. இருந்ததைக் கழற்றிவிட்டார்.

"பெல் அடிச்சா மாடு ஒதுங்கும் அப்பு. கூடவே ஊரும் ஒதுங்கிரும்" என்பார்.

அது உண்மை. ஊசிக்காரர் வருகிறார் என்று ஊர் எல்லையில் ஆடு மேய்க்கிறவன் ஒரு குரல் கொடுத்தால் போதும். பிள்ளைகளை இடுப்பிலும் தோளிலும் போட்டுக்கொண்டு ஜனங்கள் சோளக் கொல்லைக்குள் புகுந்துவிடுவார்கள். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருக்கும், வீட்டில் ஆள் இருக்காது. அதனால் இவர் இரண்டு மைலுக்கு முன்பிருந்தே தலையைக் குனிந்துகொண்டு மிதிப்பார். ஆடு மேய்க்கிறவன் வாயைத் திறப்பதற்குள் ஊருக்குள் இருப்பார். அதுதான் அவர் தொழில் ரகசியம். நாங்கள் அவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்ததும் அதனால்தான்.

அவருக்கு ஒரே ஒரு விரதம் உண்டு. யாராவது தானாகக் கையை நீட்டினால், அவசரம் எதுவானாலும் இறங்கிக் குத்தாமல் தாண்டமாட்டார். அந்த விரதத்தால் அவருக்கு ஒரு சிரமமும் வந்ததில்லை. முப்பது வருஷத்தில் ஒருத்தர்கூடத் தானாகக் கையை நீட்டியதில்லை.

சாணார்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் பேச்சியம்மா என்று ஒரு பூக்காரி. நாலு பிள்ளைக்காரி. ஓடுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு தடவை எக்ஸ்பிரஸ் வந்த வேகத்தில் வாசலைத் தாண்ட நேரமில்லாமல், கைப்பிள்ளையோடு தானியக் குலுக்கைக்குள் இறங்கி மூடியைச் சாத்திக்கொண்டாள். எக்ஸ்பிரஸ் குலுக்கையைத் தட்டினார்.

"ஆத்தா, உள்ள கிடக்கிற கம்பு இருமுதே, கசாயம் கிசாயம் வச்சுக் குடுக்கலையா?"

உள்ளேயிருந்து பதில் வந்தது. "வீட்டுல யாரும் இல்ல. நாளைக்கு வாங்க."

அன்றைக்குக் குலுக்கை வாய் வழியாகவே தாய்க்கும் பிள்ளைக்கும் குத்திவிட்டுத்தான் வந்தார். அதன்பிறகு பேச்சியம்மா அவரை எங்கே பார்த்தாலும் மண்ணை வாரித் தூற்றாத குறைதான்.

இப்படிப்பட்ட மனுஷனுக்கு ஒரு மாசி மாதம் நெஞ்சுவலி வந்தது. மிதிக்கும்போது வராது. இறங்கி, விளக்கைப் பற்றவைத்து, நாலு பிள்ளைக்குக் குத்தி முடித்ததும் நிதானமாக வரும். நெஞ்சு நடுவில் யாரோ முழங்காலை ஊன்றி ஏறி உட்கார்ந்த மாதிரி கால் மணி நேரம் இருக்கும், பிறகு போய்விடும். ஆபீசுக்குத் திரும்பி வந்து பெஞ்சில் சாய்ந்தால் சில நாள் அங்கேயும் வரும். கேட்டால், "ஒண்ணுமில்ல, வாய்வு" என்பார்.

திண்டுக்கல்லில் வைத்தியம் தெரியாத ஆள் அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. டைப்பிஸ்ட் சுட்ட பூண்டு தின்னச் சொன்னார். தலைமைக் குமாஸ்தா மோரில் பெருங்காயம் என்றார். டவாலி போட்ட சேவகர், இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால்தான் கேட்கும் என்று தீர்ப்புச் சொன்னார். எக்ஸ்பிரஸ் எல்லாவற்றையும் சாப்பிட்டார். அவர் வலி அப்படியே இருந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த எனக்குத்தான் ஒரு வாரம் மூச்சு முட்டியது.

அடுத்து சைக்கிள் கடை ராவுத்தர். அவர் நோயாளியைப் பார்க்கவே இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலை ஒரு சுற்றுச் சுற்றி, காதை வைத்துக் கேட்டார்.

"உங்க நெஞ்சுல ஒரு கோளாறும் இல்ல. செயின் இழுத்துப் பிடிக்குது, சீட்டு அரை இஞ்சு இறங்கிக் கிடக்கு. வண்டிக்கு வந்த வலிதான் உங்களுக்கு ஏறுது. விட்டுட்டுப் போங்க, சரி பண்ணித் தாரேன்."

சரி பண்ணித் தந்தார். வண்டி முன்னைவிட வேகமாக ஓடியது. வலியும் முன்னைவிடச் சீக்கிரமாக வந்தது.

கடைசியில் நான்தான் அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். பெரிதாக நினைக்காதீர்கள். பெஞ்சில் அவர் உயிரை விட்டால் அந்த அறிக்கையை நான்தான் எழுத வேண்டும் என்ற பயம். டாக்டர் இளவயது, நல்ல பூசின உடம்பு. எக்ஸ்பிரஸைப் படுக்கவைத்துப் பார்த்தார், உட்காரவைத்துப் பார்த்தார். நெஞ்சு கடிகாரம் மாதிரி அடித்தது.

"இப்ப வலிக்குதா?"

"இல்லைங்க. வலிக்கிற இடத்துல ஆஸ்பத்திரி இல்லைங்க."

டாக்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. வலிக்கிற இடத்துக்கே போய்ப் பார்க்கிறேன் என்று ராவுத்தர் கடையில் வாடகைச் சைக்கிள் எடுத்தார். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு வடமதுரை சாலையில் எக்ஸ்பிரஸுக்குப் பின்னால் கிளம்பினார். மூன்றாவது மைல் கல்லில் எக்ஸ்பிரஸ் கண்ணுக்குத் தெரியவில்லையாம். டாக்டர் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது இவர் பதினாலு பிள்ளைகளுக்குக் குத்தி முடித்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் ஓடிவந்து ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். தடதடவென்று அடிக்கிறது. ஆனால் அடிப்பது தன் நெஞ்சா, அவர் நெஞ்சா என்று டாக்டருக்கே தெரியவில்லை. எக்ஸ்பிரஸ் ஒரு கையால் தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் டாக்டருக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்தார்.

மறுநாள் டாக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார்.

"என்ன கோளாறுன்னு சத்தியமா எனக்குப் பிடிபடலைங்க. ஆனா இந்த வயசுல இந்த வேகம் ஆகாது. மெதுவா மிதிங்க. ரெண்டு மைலுக்கு ஒரு தடவை இறங்கி செத்த நேரம் உக்காருங்க. ஒரு மாசம் பாப்பேன். கேக்கலைன்னா, சைக்கிள் ஓட்டத் தகுதியில்லன்னு எழுதிக் குடுத்துருவேன்."

எழுதிக் கொடுத்தால் எக்ஸ்பிரஸுக்கு ஆபீசில் ஒரு மேசை கிடைக்கும். கிராமங்களுக்கு வேறு ஆள் போவார். அந்த வேறு ஆள் யார் என்று எங்களுக்குத் தெரியும். பெல் அடித்துக்கொண்டே போய், காலி ஊரைப் பார்த்துவிட்டு, டீ குடித்துத் திரும்புகிறவர்.

வெளியே வந்ததும், "சொன்னதைக் கேளுங்கண்ணே. உயிர் போயிரும்" என்றேன்.

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கொஞ்ச தூரம் வந்தார். பிறகு சொன்னார்.

"நான் பொறந்த ஊருக்கு அம்மை குத்த வந்தவரு ரொம்ப நல்ல மனுசன் அப்பு. அவசரமே கிடையாது. வெத்தலை போட்டுக்கிட்டு நடந்து வந்தாராம். அவரு எல்லையில வாரப்பவே எங்க ஆத்தா என்னையும் தங்கச்சியையும் தூக்கிக்கிட்டு ஓடிருச்சு. அடுத்த மாசம் ரெண்டு பேருக்கும் அம்மை போட்டுச்சு. நான் பொழச்சேன்."

தங்கச்சியைப் பற்றி நான் கேட்கவில்லை. அத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்து அந்த முகத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது.

"அவரு மட்டும் கொஞ்சம் வேகமா வந்திருந்தா?" என்று கேட்டுவிட்டு எக்ஸ்பிரஸ் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். மெதுவாகப் போகவில்லை.

மறுநாள் காலை பூ மார்க்கெட்டில் பேச்சியம்மாவைத் தேடிப் போனேன். அவள் எதிரில் நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் மல்லிகையை அளந்துகொண்டே கேட்டாள்.

"அந்த ஆளுக்கு நெஞ்சுவலி வந்தா எனக்கென்ன தம்பி? குலுக்கைக்குள்ள விட்டுக் குத்துன ஆளு."

"ஒண்ணுமில்லக்கா. சும்மா சொன்னேன்."

"சும்மா சொல்லத்தான் காலங்காத்தால வந்தீகளாக்கும்." கொஞ்ச நேரம் அளந்தாள். "நாங்க ஓடுறதாலதான அவரு வேகமா வாராரு?"

"ஆமாக்கா."

"இறங்கி உக்காரணும், அம்புட்டுத்தான? நீங்க போங்க. ஊரு ஊரா நான் சொல்லிக்கிறேன். ஊருக்குள்ள நுழையிறதுக்கு முன்னாலயே அந்த எக்ஸ்பிரஸை நாங்க நிறுத்துறோம்."

அடுத்த திங்கட்கிழமை எக்ஸ்பிரஸ் சாணார்பட்டிச் சாலையில் கிளம்பினார். இரண்டாவது மைல் கல்லில் ஒரு ஆள் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு நின்றான்.

"ஏலே, நீ எங்க இங்க?"

"எனக்கு அம்மை குத்துங்கண்ணே" என்றேன். ஆம், நான்தான். விரதம் விரதம்தான். முறைத்துக்கொண்டே இறங்கி, விளக்கைப் பற்றவைத்து, குத்தினார். பத்து நிமிஷம். நாலாவது மைலில் ஆடு மேய்க்கிறவன், அதுவும் குரல் கொடுக்கிற அதே ஆள், கையை நீட்டிக்கொண்டு நின்றான். ஆறாவது மைலில் கயிற்றுக் கட்டிலும் மோர்ப் பானையுமாக ஒரு குடும்பம். அங்கே எழுபது வயசுக் கிழவர் ஒருவர், "எனக்குப் பயமா இருக்கு, செத்த நேரம் பேசிக்கிட்டு இருந்துட்டுக் குத்துங்க" என்று அவரைக் கட்டிலில் உட்காரவைத்துத் தன் குடும்ப வரலாற்றைத் தொடங்கிவிட்டார். ஊருக்குள் நுழைந்தால் பேச்சியம்மா தலைமையில் வரிசை. ஒருத்தர் ஓடவில்லை. முப்பது வருஷத்தில் அப்படி ஒரு காட்சியைப் பார்த்திராத எக்ஸ்பிரஸ் ஆடிப்போனார்.

"ஊருக்கு என்னமோ ஆயிருச்சு அப்பு" என்று என்னிடம் வந்து புலம்பினார். "வேகமாப் போயி என்ன புண்ணியம்? ஒரு பயலும் ஓட மாட்டேங்கிறான்."

வாராவாரம் இதே கதை. வடமதுரைப் பக்கமும் பரவிவிட்டது. எக்ஸ்பிரஸ் பாசஞ்சர் ஆனார். நெஞ்சுவலி நின்றது. டாக்டர் ஒரு மாசம் கழித்துப் பார்த்துவிட்டு, ஏன் வந்தது என்று தெரியாத மாதிரியே ஏன் போனது என்றும் தெரியவில்லை என்று கைவிரித்தார். எதையும் எழுதிக் கொடுக்கவில்லை.

ஒரே ஒரு சிக்கல். தாலுகாவுக்கு வருகிற அம்மைப்பால் எக்ஸ்பிரஸ் ஒருத்தருக்கே போதவில்லை. பெரிய ஆபீசர் விசாரிக்க வந்தார். ஊரில் இருக்கிற தலையைவிடக் குத்தின கை அதிகமாக இருக்கிறதே என்று கேட்டு, கிராமத்துக்கே ஜீப்பில் வந்து இறங்கினார். பேச்சியம்மாவின் கையைப் பார்த்தார். ஐந்து தழும்பு.

"ஏற்கெனவே குத்துன கைதானே இது?"

"அது போன மாசத்து அம்மைக்கு எசமான்."

ஆபீசர் எக்ஸ்பிரஸைப் பார்த்தார். எக்ஸ்பிரஸ் ஆகாயத்தைப் பார்த்தார். ஊசியைக் கண்டால் ஓடாத ஒரு ஊரைத் தன் சர்வீசில் முதன்முதலாகப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு ஆபீசர் ஜீப்பில் ஏறினார். கூடுதல் குழாய்கள் வந்தன.

இரண்டு வருஷமும் முடிந்தது. ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் மாலையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரிடம் எனக்கு மனசு கேட்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார்.

"தெரியும்ல. ரெண்டாவது வாரமே தெரியும். போன வாரம் நானே குத்துன கையைப் பாத்தா எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏண்ணே குத்துனீங்க?"

"எங்க ஆத்தா நீட்டாமத் தூக்கிக்கிட்டு ஓடுன கை அப்பு அது. முப்பது வருசம் அதைத்தான் துரத்திக்கிட்டு இருந்தேன். தானா வந்து நீட்டுறப்ப, வேணாம்னு எப்படிச் சொல்ல?"

மாலையைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனார்.

என் இடது கையில் நாலு அம்மைத் தழும்பு இருக்கிறது. பேரப்பிள்ளைகள் எதற்கு இத்தனை என்று கேட்கும். முதலாவது சின்ன வயதில் அம்மைக்காகக் குத்தியது. மற்ற மூன்றும் எக்ஸ்பிரஸ் இரண்டு நிமிஷம் நிற்பதற்காக.