காலை பத்து மணிக்குக் கருவி சொன்னது

மனிதகுலத்தின் தலைசிறந்த கண்டுபிடிப்பு சக்கரம் என்பார்கள். திண்டிவனத்தில் சக்கரம் ஏற்கெனவே இருந்ததால், எங்கள் நிறுவனம் அதைவிட மேலான ஒன்றைக் கைக்கொண்டது. நாங்கள் செய்கிற ஆப் இப்போது எந்தப் போனுக்காகச் செய்யப்படுகிறது என்று கேட்டால் சொல்லும் கருவி.

கருவி என்றால் கையில் எடுக்க முடியாது. கணினித் திரையில் ஒரு சின்னக் கறுப்புக் கட்டம். கேள்வியைத் தட்டினால் ஒரே வரியில் பதில் வரும். ஆயுத பூஜையன்று திரைக்குச் சந்தனம் வைத்தோம். கட்டம் எங்கே தோன்றும் என்று ஸ்கேலால் அளந்துதான் வைத்தோம்.

ஆப்பின் பெயர் 'தாய் வண்டி'. பிரசவ வலி வந்தவர் ஒரு பொத்தானை அமுக்கினால், எங்கள் ஆபீசுக்குக் கீழே பம்புசெட் கடை வாசலில் நிற்கும் வேன் புறப்பட்டுவிடும். மயிலம் பக்கம் மூன்று ஊர்களில் கூட்டம் போட்டு, கர்ப்பிணிகளின் போனில் அதை ஏற்றிக் கொடுத்தோம். 'இனி வேறெந்த வண்டிக்கும் சொல்லத் தேவையில்லை' என்று மைக்கில் அறிவித்தோம். என் அக்கா ஜெசிக்கு அப்போது ஏழாம் மாதம். முன் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள்.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். கையெழுத்து அழகாக இருந்ததால் பதிவேடு எழுதும் வேலை கிடைத்தது. தினமும் காலை பத்து மணிக்கு எம்.டி. நெடுஞ்செழியன் எழுந்து நிற்பார். நாங்களும் நிற்போம்.

"இன்றைய இலக்கு போன் எது?" என்பார். ஆப் செய்கிற ஆஸ்வின் அண்ணன் கருவியில் தட்டுவார். நான் படித்துச் சொல்வேன்.

"சிமுலேட்டர்."

எழுதுவேன். எம்.டி. கையெழுத்திட்டு முத்திரை குத்துவார். அந்தப் போனில் ஆப் ஓடுகிறதா என்ற சோதனை பச்சை காட்டும். டீ வரும்.

ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அண்ணா, சிமுலேட்டர்ன்றது யாரு போனு?"

"யாரு போனும் இல்ல எலிசா. கம்ப்யூட்டர் உள்ள வரைஞ்ச போனு. நெஜத்துல கெடையாது."

எம்.டி. காதில் விழுந்துவிட்டது. "கீழ வுழாது, சார்ஜ் எறங்காது, டவர் போவாது. அதுமாதிரி ஒரு பயனாளி நமக்குக் கெடைப்பாங்களாம்மா?" என்றார் உருக்கமாக.

எட்டாம் மாதத்தில் அக்காவின் போனை வாங்கி வந்தேன். விரிசல் விட்ட கண்ணாடி, பின்மூடிக்கு ரப்பர் பேண்டு. ஆஸ்வின் அண்ணன் அதைக் கணினியில் ஒயர் போட்டு மாட்டினார். கருவி நேர்மையாக அந்தப் போனின் பெயரைச் சொன்னது. பொத்தானை அமுக்கினோம். ஆப் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது. சோதனை சிவப்பு.

"எவன்யா இதை மாட்டினது? நூத்தித் தொண்ணூறு நாளா பச்சையா இருக்குது! கழட்டு ஜல்தி!" என்று எம்.டி. பாய்ந்தார்.

"சார், ஊர்ல எல்லார்கிட்டயும் இந்த மாதிரி போன்தான் இருக்குது," என்றார் ஆஸ்வின் அண்ணன்.

"ஊரை நான் பாத்துக்கறேன். நீ கருவி இன்னா சொல்லுதுன்னு பாரு."

அண்ணன் கழற்றினார். கருவி 'சிமுலேட்டர்' என்றது. பச்சை திரும்பியது. அந்தச் சிவப்பைப் பதிவேட்டில் 'மின்தடை' என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.

பச்சையின் இருநூற்றுப் பதினான்காம் நாள் விழுப்புரத்திலிருந்து அதிகாரிகள் பார்வையிட வந்தார்கள். பெரிய திரையில் சிமுலேட்டருக்குப் பிரசவ வலி கண்டது. பொத்தான் அமுங்கியது. நாலு நிமிடத்தில் வேன் படம் வந்து நின்றது. கைதட்டல். முந்திரி பிஸ்கட்.

அப்போது என் போன் அடித்தது.

"ஏய் எலிசா, வலி எடுத்துக்கிச்சுடி. அமுக்கிக்கினே இருக்கேன், தொறந்து தொறந்து மூடிக்குது."

பதில் படிப்பதைத் தவிர எம்.டி.யிடம் நான் வாய் திறந்ததில்லை. எழுந்தேன். "சார், எங்க அக்காவுக்கு வலி வந்துடுச்சு. வண்டி வரல."

எம்.டி. திரையைப் பார்த்தார். "வந்துடுச்சேம்மா."

"ஆமாம்மா, நாலே நிமிஷம்," என்றார் ஓர் அதிகாரி. "நானே பாத்தேன்."

கீழே ஓடினேன். டிரைவர் தாண்டவராயன் வேனுக்குள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, மயிலத்துக்கு எடுங்கணா. அக்காவுக்கு வலி வந்துடுச்சு."

"ஆப்ல வந்தாதாம்மா எடுக்கணும். வாயால சொன்னா எடுக்க மாட்டேன்னு சாரு என்கிட்ட எழுதி வாங்கிக்கினாரே. நீதானே எழுதின?"

நான்தான் எழுதினேன். அழகான கையெழுத்து.

அக்கா மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை ஏற்றிய வண்டியில் வந்தாள். கூட்டேரிப்பட்டு வருவதற்குள் மூட்டைகளின் மேலேயே பெண் குழந்தை பிறந்தது. அழவில்லை. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இன்குபேட்டருக்குள் கிடந்து பிழைத்தாள்.

பத்தாம் நாள் வேலைக்குப் போனேன். எம்.டி. முகமெல்லாம் சிரிப்பு. "அறிக்கைக்குப் பயனாளி பேரு ஒண்ணு வேணும்மா. உங்க அக்கா பேரைப் போட்டுடு. கொழந்தை நல்லாத்தானே இருக்குது?"

மணி பத்து. எல்லாரும் எழுந்து நின்றோம். ஆஸ்வின் அண்ணன் தட்டினார். நான் படித்தேன். "சிமுலேட்டர்." பயனாளி பெயர் கேட்ட இடத்திலும் அதையே எழுதினேன். படித்துப் பார்க்காமலே முத்திரை விழுந்தது.

கருவியைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அந்தக் கட்டடத்திலேயே பொய் சொல்லாதது அது ஒன்றுதான். இந்த வண்டி உயிருள்ள ஒருத்திக்கும் வராது என்று தினமும் பத்து மணிக்கு அது சொன்னது. நாங்கள் மரியாதையாக எழுந்து நின்று கேட்டுக்கொண்டோம்.