தோளுக்கு அந்தப் பக்கம்

விமானம் இறங்குவதற்கு முன்பே அவன் தீர்மானித்துவிட்டான். அப்பாவின் கண் முதலில் தன்மேல்தான் விழவேண்டும். பேத்தி அப்புறம்.

அப்பா பஸ் ஓட்டியவர். சின்ன வயதில் அவர் வண்டியிலேயே பள்ளிக்கூடம் போய்வந்தான். தலைக்கு மேலிருந்த கண்ணாடி வழியாகத்தான் மகனைப் பார்ப்பார். நேராகப் பார்த்ததாக அவனுக்கு நினைவில்லை. பிறந்த நாட்டை விட்டுப்போன ஏழு வருஷமாகக் கண்ணாடிக்குப் பதில் செல்போன். மகள் பிறந்தபின் அதிலும் இடம் போயிற்று. திரையோரம் அவனுடைய ஒரு காது மட்டும் தெரியும். அந்தக் காதிடம் அப்பா ஒருநாளும் பேசியதில்லை.

"பாப்பாவை நீ வெச்சுக்க. நான் முன்னாடி போறேன்," என்றான் மனைவியிடம்.

"ஏன், நாங்க கூட வந்தா குறைஞ்சு போயிடுவீங்களா?"

"அப்பாவைப் பார்த்து ஏழு வருஷமாச்சு."

"நான் நேர்ல பார்த்ததே இல்லை. கல்யாணத்துக்கும் அவர் வரலை." குழந்தையின் வாயைத் துடைத்தாள். சற்று யோசித்தாள். "சரி, நீங்களே முன்னாடி போங்க. பாப்பாவையும் தூக்கிக்கங்க, எனக்குக் கை மரத்துப்போச்சு. தோள்ல போட்டா தூங்கிடுவா. நான் பெட்டியெல்லாம் தள்ளிக்கிட்டுப் பின்னாடி வர்றேன்."

இவ்வளவு சுலபமாக அவள் எதையும் விட்டுக்கொடுத்ததில்லை. அவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம் வந்தது.

வெளிவாசலில் அப்பா நின்றிருந்தார். சட்டை பழைய அளவுதான். உள்ளே ஆள் குறைந்திருந்தார்.

"அப்பா."

அப்பா வேகமாக வந்தார். நேராக அவனை நோக்கி வந்தார். கிட்டே வந்ததும் ஒரு வளைவு எடுத்து அவன் முதுகுப்பக்கம் போனார். தோளில் தூங்குகிற குழந்தைக்கு முகம் அங்கேதானே இருக்கும்.

அவன் திரும்பினான். அப்பாவும் சுற்றினார். மறுபடி திரும்பினான். ஏழு வருஷம் கழித்து வந்து, பெற்றவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"சுத்தாதீங்க, மாமாவுக்கு மயக்கம் வந்துடும்," என்றாள் பின்னால் நின்றவள்.

"வாம்மா," என்றார் அப்பா அவளிடம். "போன்ல பார்த்ததைவிட இளைச்சிருக்கியே. ஒழுங்கா சாப்பிடறது இல்லையா?"

தனக்கென்று அவன் எதிர்பார்த்திருந்த கேள்வி அது.

"பாப்பாவை வாங்கிக்கங்கப்பா."

"வேணாங்க," என்றாள் அவள். "கை மாத்தினா முழிச்சுக்குவா."

அப்பாவின் கை அவன் தோளில் விழுந்தது. ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கை. அசையாமல் நின்றான். கண் கலங்கிவிட்டது. அந்தக் கை இன்னும் கொஞ்சநேரம் அங்கேயே இருக்கட்டும் என்று மூச்சைக்கூட மெதுவாக விட்டான்.

"கொஞ்சம் தாழ நில்லுப்பா," என்றார் அப்பா. "புள்ள முகம் எட்டலை."

முழங்காலை மடக்கி நின்றான். பின்னால் அவளும் முகத்தை நுழைத்துக்கொள்ள, செல்போன் சொடுக்கியது.

"பாருங்க மாமா, நாம மூணு பேரும் எவ்வளவு அழகா இருக்கோம்," என்றாள் அவள். பிறகு, போனால் போகிறதென்று அவன் பக்கம் எட்டிச் சொன்னாள்:

"உங்க முதுகும் நல்லா விழுந்திருக்குங்க."