ஷீசுரூ கை

"லைனிங்கைப் பிரிச்சிருங்க மாமா. ஜாக்கெட் கை கண்ணாடி மாதிரி தெரியணும்" என்றாள் அன்புக்கரசி.

லேடீஸ் டெய்லர் ஸ்டான்லி கத்தரியைக் கீழே வைத்தார். முந்தின நாள்தான் அவள் அம்மா அருளாயி வந்து, "கைக்குக் கனமா லைனிங் போடுங்கண்ணே. உள்ள துளிகூடத் தெரியக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"இதுக்கு ஜப்பான்ல ஷீசுரூன்னு பேரு மாமா. இங்கிலீஷ்ல 'சீ-த்ரூ'ங்கறதத்தான் அவுங்க அப்படிச் சொல்றாங்க. துணியோ முடியோ, உள்ள இருக்கறது லேசாத் தெரியணும். அதான் ஸ்டைலு" என்று போனில் படம் காட்டினாள்.

"ஜப்பான்ல தெரிஞ்சுட்டுப் போகட்டும்மா. நாளைக்கு உன் நிச்சயதார்த்தத்துக்கு வர்ற நத்தத்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன சொல்லுவாங்க?"

"தெரியலைன்னா நான் செத்தேன் மாமா." அவள் கண் கலங்கிவிட்டது.

துணி மாப்பிள்ளை வீட்டார் எடுத்துக் கொடுத்தது. கெட்டால் மாற்றுக்கு ஒரு துண்டு கிடையாது. பெண்கள் மேல் டேப் வைக்காமல், அளவு ஜாக்கெட்டை மட்டும் பார்த்துத் தைத்துப் பேர் வாங்கியவர் ஸ்டான்லி. சர்ச்சில் பாதிப் பேர் அவர் தைத்ததைத்தான் உடுத்துகிறார்கள். நாளைக்கு அத்தனை பேரும் அங்கே இருப்பார்கள்.

தாய்க்கும் மகளுக்கும் பொதுவாக ஒரு யோசனை செய்தார். தோல் நிறத்தில் வலை லைனிங் வைத்தால் மூடினதுபோலவும் இருக்கும், தெரிகிறதுபோலவும் இருக்கும். ஆனால் கடைக்காரன் தோல் நிறம் என்று கொடுத்தது திண்டுக்கல்லில் ஒருவருக்கும் இல்லாத நிறம். தைத்துப் பார்த்தால் கைக்குக் கட்டுப் போட்டதுபோல இருந்தது. பிரித்து டீத்தண்ணீரில் முக்கினார். நிறம் ஒத்து வந்தது. அவசரத்தில் மறுபடி தைத்து ஈரத்தோடு இஸ்திரி போட்டார். வலை உருகிச் சுருண்டது.

"ஏலே கிளெமென்ட், செத்த நேரம் இதப் பிடிலே!"

"அந்த ஜாக்கெட்ட நான் தொட மாட்டேம்ப்பா" என்று மகன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஒரு மாதமாக அவன் இப்படித்தான். சவரம் கிடையாது, சரியான சோறு கிடையாது. ஜாக்கெட்டும் போச்சு, பெற்ற பிள்ளையும் உருப்படவில்லை. ஸ்டான்லிக்குக் கடையைப் பூட்டிவிட்டு எங்காவது போய்விடலாம்போல் இருந்தது. உருகின வலையைப் பிய்த்து எடுத்தார். மெல்லிய ரோஸ் துணி மட்டும் மிஞ்சியது.

அந்த நேரம் பார்த்துத்தான் தாயும் மகளும் உள்ளே வந்தார்கள். அருளாயி வாயைத் திறப்பதற்குள், முழுக்கைச் சுடிதாரோடு வந்த அன்புக்கரசி ஜாக்கெட்டைப் பறித்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள். போட்டுக்கொண்டு நேரே ஸ்டான்லி முன்னால் வந்து நின்றாள்.

ரோஸ் துணிக்குள்ளே, மேல்கையில் பச்சை குத்தின என்னவோ எழுத்து. ஸ்டான்லிக்கு மூக்குக்கண்ணாடி கைக்கு அகப்படவில்லை.

"என்னம்மா இது, என்ன எழுதிருக்கு?"

அருளாயி நெஞ்சில் அடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"உங்க மகன் பேருதான். இதுக்குத்தான் லைனிங் லைனிங்குனு அம்புட்டுத் தடவ சொன்னேன், சம்பந்தி!"