கடைசிக் கையெழுத்து வாங்காத உடும்பு

ஒரு காட்டில், செல்போன் டவரே எட்டாத ஒரு மூலையில், ஒரு கரையான் புற்று இருந்தது. அதில் நாச்சிமுத்து என்ற உடும்பும் அவன் மனைவி பூவாத்தாவும் குடியிருந்தார்கள். உள்ளே இருபது முட்டைகள். வெயில் நன்றாக அடித்தால் இன்னும் ஒரு மாதத்தில் பொரிந்துவிடும்.

நாச்சிமுத்து நல்லவன். குடி கிடையாது, சீட்டு கிடையாது. சுற்றுலா ஜீப்பிலிருந்து யாரோ தவறவிட்ட ஜப்பான் கேம் பெட்டி ஒன்று மட்டும் உண்டு. அது போதாதா? உடும்புப் பிடி என்று சும்மாவா சொன்னார்கள்!

அந்த ஆட்டத்தில் ஒரு வீரன் தன்னைவிட நீளமான வாளைத் தூக்கிக்கொண்டு உலகத்தைக் காப்பாற்றப் புறப்படுவான். அரக்க ராஜா நாளைக்கே உலகத்தை அழிக்கப்போகிறான். ஆனால் வழியில் ஒரு சத்திரக்காரியின் பூனையைக் காணோம். வீரன் பூனையைத் தேடுவான். அப்படியே மூன்று நாள் குளத்தில் மீன் பிடிப்பான். அரக்க ராஜாவும் பெரிய மனுஷனாகக் காத்திருப்பான். பத்துப் பூச்சியை அடித்தால் 'டிங்' என்று மணி அடித்து, 'நீ ஒரு படி உயர்ந்துவிட்டாய்' என்று திரையில் வரும்.

பிறந்ததிலிருந்து நாச்சிமுத்துவிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. முதல் டிங் கேட்டபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. சிரிக்காதீர்கள். இந்தக் கதையைச் சொல்கிற ஆசாமிக்கும் கலங்கியிருக்கிறது, அதுவும் இரண்டு பிள்ளை பெற்ற பிறகு.

இப்படி இருக்கையில் காட்டு அலுவலகத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. புற்றில் குடியிருப்போர் எல்லாரும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் புற்றுச் சான்றிதழ் வாங்கிவிட வேண்டும். தவறினால் புற்று அடுத்த மனுதாரருக்குப் போய்விடும். அடுத்த மனுதாரர் ஒரு நல்லபாம்பு. திங்கட்கிழமையே வந்து காற்றோட்டம் எப்படி என்று விசாரித்தது. போகும்போது முட்டைகளையும் எட்டிப் பார்த்தது. புற்றைக் கட்டியது கரையான்கள் என்பது இந்த விவகாரத்தில் யாருக்குமே ஞாபகம் வரவில்லை.

பூவாத்தா புருஷன் முன்னால் வந்து நின்றாள். "உடும்பு வேணாம், கைய விட்டாப் போதும்னு ஊர்ல சொல்வாங்க. எனக்கு உடும்பு வேணும் மாமா, அந்தப் பெட்டிய விட்டாப் போதும். போயி சான்றிதழை வாங்கிட்டு வாங்க."

நாச்சிமுத்து முனகிக்கொண்டே செவ்வாய்க்கிழமை போனான். முதல் ஜன்னலில் ஒரு கொக்கு ஒற்றைக்காலில் நின்றது.

"மதியம் வாங்க" என்றது கொக்கு.

மற்ற மிருகங்கள் தலையில் அடித்துக்கொண்டு திரும்பின. நாச்சிமுத்து நகரவில்லை. ஒரே ஆளிடம் திரும்பத் திரும்பப் பேசினால் ஒரு கட்டத்தில் வசனம் மாறும் என்பது ஆட்டத்தில் அவன் கற்ற பாடம். மறுபடி கேட்டான். "மதியம் வாங்க." மறுபடி கேட்டான். "மதியம் வாங்க." பதினோராவது தடவை கொக்கு காலை மாற்றி நின்றது.

"சரிய்யா, தேவாங்குகிட்ட ஒரு முத்திரை வாங்கிட்டு வா!"

நாச்சிமுத்துவின் காதில் 'டிங்' என்றது.

தேவாங்கு, முத்திரைக்கு மை தீர்ந்துவிட்டது, மூன்று நாவல் பழம் வேண்டும் என்றது. ஆட்டத்தில் பை நிறையச் சேர்க்கும் பழக்கத்தில் நாச்சிமுத்து தொண்ணூற்றொன்பது கொண்டுவந்து கொட்டினான். அலைக்கழிக்கிறார்களே என்று காடே அழுதபோது, அவன் ஒருவன்தான் வாயெல்லாம் பல்லாக அலைந்தான். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் ஏழு முத்திரை சேர்ந்துவிட்டது. வரிசையில் நின்ற நரி வாய் பிளந்து, "எப்படிண்ணே?" என்றது.

"மூணாவது ஜன்னல்ல பேசிட்டு மறுபடியும் மொத ஜன்னலுக்கு வரணும் தம்பி. எல்லாம் பழக்கம்தான்."

நாலரை மணிக்கு அதிகாரி கரடியின் அறை வாசலில் நின்றான். கரடி பேனா மூடியைத் திறந்தது.

"உள்ள வாங்க நாச்சிமுத்து. ஒரே ஒரு கையெழுத்து. அத்தோட முடிஞ்சது."

முடிஞ்சது என்ற சொல்லைக் கேட்டதும் அவன் கால் நின்றுவிட்டது. அரக்க ராஜாவின் கோட்டை வாசல் வரைக்கும் அவன் ஆறு முறை போயிருக்கிறான். ஒருமுறைகூட உள்ளே போனதில்லை. போனால் அரக்கன் சாவான், உலகம் பிழைக்கும், பெட்டி அணைந்துவிடும். அப்புறம் என்ன இருக்கிறது? அதே புற்று, அதே நாச்சிமுத்து.

"ஐயா, வெளிய சின்னதா ரெண்டு வேலை பாக்கி இருக்குதுங்க."

"அஞ்சு மணிக்கு நான் கிளம்பணும்யா!"

"நான் வர்ற வரைக்கும் நீங்க காத்திருப்பீங்க" என்று அன்போடு சொல்லிவிட்டு வெளியே போனான்.

அங்கே புற்று வாசலில் பாம்பு பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து, ஐந்து மணி அடிக்கட்டும் என்று காத்திருந்தது. பூவாத்தா அலறியடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடிவந்தாள். மணி நாலே முக்கால். புருஷன் நாவல் மரத்தடியில் நரிக்காகப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"மாமா! என்னாச்சு?"

"இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் புள்ள பாக்கி!" கல்யாணத்தன்றுகூட அவன் முகத்தில் அப்படி ஒரு களை இல்லை.

"மனு எண் என்ன?"

"நூத்திப் பதினேழு" என்றான் வெள்ளந்தியாக.

அவன் அக்குளிலிருந்த தாளை உருவிக்கொண்டு பூவாத்தா உள்ளே போனாள். இரண்டே நிமிஷத்தில் கையெழுத்தோடு வெளியே வந்தாள். பாம்பு பாயைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். முட்டைகள் பிழைத்தன.

நாச்சிமுத்து அந்தத் தாளையே பார்த்தான். பொத்தென்று உட்கார்ந்துவிட்டான்.

"நீயே முடிச்சுட்டியா?" தேம்பித் தேம்பி அழுதான். "நாலு நாள் பாடு, பூவாத்தா! நான் பாக்காமயே முடிச்சுட்டியே!"

வீடு கிடைத்த சந்தோஷத்தில் அழுகிறான் என்று நினைத்து நரி முதுகைத் தடவிக்கொடுத்தது. சான்றிதழால் கண்ணைத் துடைக்கப்போன நாச்சிமுத்து, அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தைப் பார்த்தான். 'இது ஓராண்டுக்கு மட்டுமே செல்லும். பின்னர் முதலிலிருந்து விண்ணப்பிக்கவும்.'

அழுகை சட்டென்று நின்றது.

"அடி பூவாத்தா," என்று அவளைக் கட்டிக்கொண்டான், "இதுக்கு ரெண்டாம் பாகம் இருக்குது!"

நீதி: எடுத்த காரியத்தை முடிக்காதே, முடித்துவைக்கும் ஆளிடம் மனு எண்ணைச் சொல்லாதே.