ட்ரை பண்றவர்கள்

பிலோமியின் கைகள் வேலையாக இருந்தன. பழைய படுக்கை விரிப்பை நீளவாக்கில் நான்காகக் கிழித்து, ஒவ்வொரு பட்டையாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் கட்டிக்கொண்டிருந்தாள். மார்புக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று, தொடைக்கு ஒன்று. நான்காவது, எது அவிழ்ந்தாலும் மாற்றுக்கு. தரையில் கிடந்த போன் ஸ்பீக்கரில் பேசியது.

"காலைல எட்டு மணியாக்கா? கண்டிப்பா ட்ரை பண்றேன்."

இதோ, அகப்பட்டார். நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், இந்த இனம் இவ்வளவு தெளிவாக எப்போதும் கிடைக்காது. ட்ரை பண்றவர்கள். ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை செய்யும் ஆண்ட்ரூ, இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற ஆண்.

நோயாளிப் பராமரிப்புக்கு மூன்று மாதம் பயிற்சி எடுத்தபோது பிலோமி ஒரு நோட்டில் ஆங்கிலச் சொற்களை எழுதிவைத்தாள். 'ட்ரை: முயற்சி செய்தல்' என்பது அதில் மூன்றாம் பக்கம். ட்ரை பண்ணுங்க என்றால் நோயாளி ஒரு வாய் கஞ்சி குடிப்பார், காலை மடக்குவார். சொல்லுக்குப் பின்னால் ஒரு செயல் வரும். அப்படித்தான் நம்பியிருந்தாள், எர்ணாவூரில் இந்த இரண்டாம் மாடி வீட்டுக்கு வேலைக்கு வரும்வரை.

இங்கே அவள் பார்த்துக்கொள்ளும் அருள்நாதன் ஒரு காலத்தில் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். குளியலறையில் வழுக்கி இடுப்பு உடைந்து, தகடு வைத்திருக்கிறார்கள். எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சரி என்று சொன்னால்தான் காலைத் தரையில் ஊன்றலாம். லிப்ட் இல்லை. நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கி இறக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கொடுத்த இரண்டு தேதி தவறிவிட்டது. இதுவும் தவறினால் அடுத்தது ஒன்றரை மாதம் கழித்து. அதற்குள் கால் விறைத்துவிடும் என்று நர்ஸ் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். தவறிய இரண்டு தேதியும் ஆண்ட்ரூ ட்ரை பண்ணியவை. அருள்நாதனின் சொந்த அக்கா மகன் அவர்.

வெறும் 'ட்ரை பண்றேன்' என்றால் வரமாட்டார் என்று பொருள். 'கண்டிப்பா' சேர்ந்தால், வரமாட்டார், ஆனாலும் நீங்கள் அவரை நல்லவர் என்று நினைக்க வேண்டும். 'ட்ரை பண்ணிட்டு சொல்றேன்' என்றால் வரவும் மாட்டார், சொல்லவும் மாட்டார். அதோடு விடுவாரா? மாமா சாப்பிட்டாரா என்பார், பெருமூச்சு விடுவார், இந்தத் தேதி எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கே விளக்குவார், முதுகுக்குத் தலையணை வைக்கச் சொல்வார், ஆபீசில் தனக்கு எத்தனை தொல்லை என்று ஆரம்பித்து, கடைசியில் 'பாவம், உங்களுக்கு எவ்வளவு வேலை' என்று உங்கள் வாயிலிருந்தே ஆறுதல் வாங்கிக்கொண்டுதான் போனை வைப்பார். பொய்யரா? இல்லை. சொல்லும் நேரத்தில், வியர்க்க வியர்க்க நாற்காலி தூக்கும் தன்னை அவர் கண்ணாலேயே பார்த்துவிடுகிறார். பார்த்ததிலேயே களைத்தும் விடுகிறார். பிறகு எதற்கு நேரில் வேறு வர வேண்டும்?

பிலோமி கடைசி முடிச்சை இறுக்கினாள். போன தடவை கீழ்வீட்டுத் தப்ரேஸ் 'முடியாதுக்கா, எட்டு மணிக்கு நா கன்டெய்னர் யார்டுல வேலைல இருப்பேன்' என்றபோது அவன்மேல் கோபப்பட்டு நான்கு நாள் முகம் கொடுக்காமல் இருந்தாள். ஆண்ட்ரூமேல் கோபமே வரவில்லை. இப்போது யோசித்தால், எல்லாரிலும் மணியைச் சொன்னவன் அவன் ஒருவன்தான்.

கீழே இறங்கிப் போனாள்.

"மறுபடியும் எட்டு மணியா? முடியாதுக்கா."

"எத்தினி மணிக்கு முடியும்?"

தப்ரேஸ் முழித்தான். முடியாது என்றவனிடம் யாரும் அடுத்த கேள்வி கேட்டதில்லை.

"அஞ்சரைக்குன்னா தூக்குவேன். ஆறேகாலுக்குக் கெளம்பிடுவேன்."

அவன் மனைவி நவ்ரீன் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: "நா தூக்கமாட்டேன், இடுப்பு வலி. படில லைட்டு இல்ல, டார்ச்சு புடிக்கிறேன்."

அடுத்தது சின்னப்பையன். பெயர்தான் அப்படி, ஐம்பது வயது, மாடி மாடியாகத் தண்ணீர் கேன் போடுகிறவர்.

"ஆறு மணிக்கு கேன் வண்டி வந்துடும். அதுக்கப்புறம் கூப்டா வரமாட்டேன். பெர்சு எம்மாங் கனம்?"

"எழுபத்திரண்டு கிலோ."

"மூணரை கேனு. தூக்கிடலாம்."

தப்ரேஸ் தன் ஆட்டோக்கார தோஸ்துக்குப் போன் போட்டான். "அஞ்சரைக்கு மாடி ஏறணுமா? பேஜாருடா. டீ வாங்கிக் குடுத்தா வரேன். சாயந்திரம் கூப்புடாத, ஸ்கூல் சவாரி கீது."

ஒருவர்கூட இனிக்கப் பேசவில்லை. பிலோமிக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

மேலே வந்ததும் அருள்நாதன், "காலைல குளிக்க வெச்சிக் கூட்டினு போறியா?" என்றார்.

"ட்ரை பண்றேண்ணா."

"போச்சு. அப்ப குளியல் கெடையாது!" கட்டில் குலுங்கச் சிரித்தார்.

பிலோமி நாக்கைக் கடித்துக்கொண்டாள். தொற்றுநோய்தான், சந்தேகமில்லை. "குளியல் முடியாது. நாலரைக்கு எழுப்பி வெந்நீர்ல தொடச்சி வுடுறேன்."

மறுநாள் காலை நாலரைக்குத் துடைத்துவிட்டாள். ஐந்தரைக்கு நாற்காலி எழுந்தது. கால் பக்கம் கீழே, தலைப் பக்கம் மேலே. முன்னால் தப்ரேஸும் சின்னப்பையனும், பின்னால் பிலோமியும் ஆட்டோக்காரரும், படிக்குப் படி நவ்ரீனின் டார்ச்.

"நாலு பேரு தூக்குறாங்களே, நா உசுரோட தான கீறேன்?"

"பேசாத நைனா. பேசுனா கனம் ஏறுது" என்றார் சின்னப்பையன்.

ஆறுக்கு முன்பே ஆட்டோ கிளம்பியது. ஆஸ்பத்திரியில் முதல் டோக்கன். ஒன்பது மணிக்கு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "ட்ரை பண்ணுங்க" என்றார். அருள்நாதன் வாக்கரைப் பிடித்து, பல்லைக் கடித்து, காலை ஊன்றினார். நின்றார். பிலோமியின் நோட்டு மூன்றாம் பக்கத்தில் தப்பில்லை.

அதே நேரம் அவள் போன் அடித்தது. ஆண்ட்ரூ. 'எவ்ளோ ட்ரை பண்ணேன் தெரியுமாக்கா' என்பதற்காக இருக்கும். அவள் இரண்டு கையும் அருள்நாதனின் கைக்கடியில் இருந்தன. அடித்து ஓய்ந்தது.

ஊன்றலாம், படி ஏற இன்னும் நாளாகும். இன்று மாலை நான்கரைக்கு அவரை மேலே ஏற்ற வேண்டும். தப்ரேஸ் வேலை முடிந்து வந்துவிடுவான், அதற்குள் கேன் போட்டு முடித்துவிடும் சின்னப்பையனும் பிலோமியும் இருக்கிறார்கள். ஆட்டோக்காரர்தான் முடியாது என்று சொல்லிவிட்டாரே, ஒரு ஆள் குறைகிறது. எர்ணாவூர்தான், பக்கம்தான். நீங்கள் வருகிறீர்களா?

பார்த்தீர்களா, நாக்கு அதற்குள் மேலண்ணத்தைத் தொட்டுவிட்டது. அந்தச் சொல்லை விழுங்குங்கள். முடியாது என்று சொல்லிவிட்டுப் போங்கள். எத்தனை மணிக்கு முடியும் என்று பிலோமி கேட்டுக்கொள்வாள்.