பாதி மீசை முப்பாட்டனார்

பொய் சொல்லக் கூடாது என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், பொய் என்று பிறகு அறிவித்துவிடலாம் என்ற நம்பிக்கையில் சபையில் ஒரு பொய்யைச் சொல்வதைப் போல ஆபத்தான காரியம் வேறில்லை. அப்படி நான் சொன்ன ஒரு பொய்க்குக் கீழ்பென்னாத்தூரில் இன்று சந்தன மாலை போட்டிருக்கிறார்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வரலாற்றில் முதுகலை முடித்துவிட்டு, சமுதாயத்துக்கு என்ன செய்யலாம் என்று சிந்தித்துக்கொண்டிருந்தேன். (வேலை கிடைக்கவில்லை என்பதை அப்போது அப்படித்தான் சொல்வேன்.) தங்கை மல்லிகாவுக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து வரன் அமைந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் திருவண்ணாமலையில் எங்கள் வீட்டில் தட்டு மாற்றுவதாக ஏற்பாடு. அன்று பௌர்ணமி என்பதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார்களே தவிர, கிரிவலக் கூட்டத்துக்காக வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வேனை விட்டிறங்கி, பழத்தட்டுகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, பக்தர்களிடம் இடிபட்டு எங்கள் வாசலை அடைந்தபோது மணி நாலரை. ராகு காலம் தொடங்கிவிட்டது. ஆறு மணி வரை தட்டைத் தொடக் கூடாது.

இரண்டு குடும்பங்கள் ஒரே கூடத்தில் எதிரெதிரே சும்மா உட்கார்ந்திருப்பதன் விளைவுகளை நான் அறிவேன். முந்தைய வருடம் வந்த வரன் இப்படியொரு காத்திருப்பில்தான் முறிந்தது. பேச்சு மழையில் தொடங்கி, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையின் விளைச்சலுக்குப் போய், நகையில் வந்து நின்றது. அதோடு முடிந்தது. இந்த முறையோ, மாப்பிள்ளையைப் பிடித்திருப்பதாக மல்லிகா என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

காபி முடிந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா தொண்டையைக் கனைத்தார். அந்தக் குடும்பத்தில் முடிவெடுப்பவர் அவர்தான். முகத்தின் பெரும்பகுதியை மீசைக்கே ஒதுக்கியிருந்தார்.

"அப்புறம், பொண்ணுக்கு எவ்ளோ போடறதா..."

நான் எழுந்துவிட்டேன். "மாமா, ஆறு மணி ஆவறதுக்குள்ள ஒரு வெளையாட்டு வெளையாடலாங்களா?"

அப்பா பார்த்த பார்வையில் என் முதுகலைப் பட்டம் கருகியது.

விளையாட்டு எளிமையானது. வரலாற்று விசித்திரங்கள் மூன்றைச் சொல்வேன். இரண்டு உண்மை, ஒன்று நான் புனைந்தது. பொய் எது என்று சபை கண்டுபிடிக்க வேண்டும். ரஷ்யாவில் ஒரு மன்னர் தாடிக்கு வரி போட்டார் என்றேன். ஆஸ்திரேலியாவில் பயிரை அழித்த ஈமு கோழிகளைச் சுட ராணுவம் இயந்திரத் துப்பாக்கியோடு போய், முடியாமல் திரும்பியது என்றேன். மூன்றாவதற்குப் பொய் எதுவும் கைவசமில்லை. எதிரே இருந்த மீசைதான் கைகொடுத்தது.

"நவாப் காலத்துல நம்ம பக்கம் வரி வாங்க வந்த ஒரு அதிகாரி மீசைக்கும் வரி கேட்டாராம். ஒரு விவசாயி பாதி மீசைய எடுத்துட்டு, பாதி வரிதான் கட்டுவேன்னு போய் நின்னாராம்."

கூடம் கலகலத்தது.

"தாடிக்கு வரியா? நம்ம ஊர்ல போட்டா சாமியாருங்க எல்லாம் ஊரக் காலி பண்ணிடுவாங்களே!" என்றார் என் சித்தப்பா.

"கோழிகிட்ட மிலிட்டரி தோத்துச்சா? கத உடறதுக்கும் ஒரு அளவு வேணாவா?" என்றாள் அத்தை.

நகையை அனைவரும் மறந்திருந்தார்கள். சமூக நல்லிணக்கத்தில் எனக்கிருந்த இயல்பான திறமையை நானே வியந்துகொண்டிருந்த வேளையில், சித்தப்பா தீர்ப்பு சொன்னார்.

"மூணாவதுதான் பொய். பாதி மீசையோட எவனாவது வெளிய தல காட்டுவானா? கோமாளியா அவன்?"

பெரியப்பா எழுந்து நின்றார். "யாரக் கோமாளின்றீங்க? அது எங்க முப்பாட்டன்!"

மீசையை ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டு அவரே தொடர்ந்தார்.

"எங்கப்பாரு சொல்லிக் கேட்டிருக்கேன். அதிகாரி முன்னாடி பாதி மீசையோட நெஞ்ச நிமித்தி நின்ன வம்சங்க நாங்க. தம்பி எம்.ஏ. படிச்சவரு, அவரே சொல்றாரு. சொல்லுங்க தம்பி, நெஜமா பொய்யா?"

அவருடைய அப்பா, சில நிமிடங்களுக்கு முன் என் வாயில் பிறந்த ஒருவரைப் பற்றி எப்படிச் சொல்லியிருக்க முடியும் என்று கேட்க அது நேரமில்லை. பொய் என்றால் சம்பந்தியின் முப்பாட்டனைச் சபையில் கொன்றவனாவேன். உண்மை என்றால் நான் கற்ற வரலாற்றைக் கொன்றவனாவேன். அறைக் கதவின் திரைக்குப் பின்னால் மல்லிகாவின் கண்கள் தெரிந்தன. வரலாற்றைக் கைவிட்டேன்.

"நெஜந்தாங்க மாமா. ஆதாரம் இருக்குது." (ஆதாரத்தை ஏன் இழுத்தேன் என்பது எனக்கு இன்றும் புரியவில்லை.)

"அப்ப எதுடா பொய்?" என்றார் சித்தப்பா.

"ஈமு."

"ஐயோ, அது நெஜங்க! நான் லைப்ரரில படிச்சிருக்கேன்..." என்றது ஒரு குரல். மாப்பிள்ளையின் தங்கை சுமதி. சொல்லிக்கொண்டே வந்தவள் என் வியர்த்த முகத்தைப் பார்த்தாள். இரு புறமும் முறுக்கப்படும் மீசையைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். விளைவுகளை அவ்வளவு விரைவாக எடைபோட்டவர்களை நான் கண்டதில்லை.

"...இல்ல, அது வேற பறவை போல" என்று உட்கார்ந்துவிட்டாள்.

சித்தப்பா பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். ஆறு மணிக்குத் தட்டு மாற்றும்போது அப்பா தயங்கித் தயங்கி, "நகை பத்தி..." என்று தொடங்க, பெரியப்பா கையமர்த்தினார்.

"வரி கேட்டவனையே தப்புன்னு எதுத்து நின்ன வம்சம். நாங்க போய் நகை கேப்பமா? உங்க பொண்ணுக்கு நீங்க போடறத போடுங்க."

அவருடைய முப்பாட்டன் அவரையே மடக்கிவிட்டார்.

சில வருடங்கள் கழித்துச் சுமதிக்கும் எனக்கும் திருமணம் நடந்தது. இன்றும் எங்கள் வீட்டில் யாராவது நல்ல காரியத்துக்காகப் பொய் சொல்லிவிட்டால், "வேற பறவை" என்று மற்றவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் உண்மையான தண்டனை கீழ்பென்னாத்தூர் வீட்டுக் கூடத்தில் காத்திருந்தது. ஓவியர் ஒருவரை வைத்து முப்பாட்டனாரை ஆளுயரத்தில் வரைந்து மாட்டியிருந்தார் பெரியப்பா. எடுத்தது இடப்பக்க மீசையா வலப்பக்கமா என்று ஓவியர் கேட்டபோது, என்னிடம் ஆள் அனுப்பி விசாரித்தார்கள். இடப்பக்கம் என்று சொல்லி அனுப்பினேன். (ஆதாரம் இருக்கிறதென்று சொன்னவனாயிற்றே.)

தாலி கட்டிய கையோடு மாலையும் கழுத்துமாக எங்களை அந்தப் படத்தின் முன் நிறுத்தி, "முப்பாட்டன் காலுல விழுங்க" என்றார் பெரியப்பா. விழுந்தேன். நெற்றி தரையைத் தொட்ட நேரத்தில், பக்கத்தில் விழுந்திருந்த சுமதி மெதுவாகச் சொன்னாள்:

"நல்லா கும்பிட்டுக்குங்க. நீங்க பெத்த முப்பாட்டன்."