சங்கு அண்ணாத்தே

அம்பத்தூர் எஸ்டேட்டில் மாலை ஐந்து மணி என்று ஒன்று உண்டு என்பதைக் கண்டுபிடித்தவர் சங்கு அண்ணாத்தேதான். அதுவரை எங்கள் கம்பெனியில் நான்குக்குப் பிறகு நேராக எட்டுதான் அடிக்கும். மேனேஜர் கிளம்பாமல் ஒருவரும் நாற்காலியை விட்டு எழ மாட்டோம்.

அண்ணாத்தே ஆவடியில் ஒரு சர்க்கார் தொழிற்சாலையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு எங்கள் ஸ்டோர்ஸுக்கு வந்தவர். அங்கே எல்லாவற்றுக்கும் சங்கு ஊதுவார்கள். எங்களிடம் சங்கு ஏது? முதல் நாள் ஐந்து மணிக்கு டிபன் கேரியரோடு எழுந்தார். சங்கு கேட்காமல் கால் நகரவில்லை. கையைக் குவித்து வாயில் வைத்து, "ஊஊஊ..." என்று தானே ஊதிவிட்டு நடந்தார். பக்கத்து கம்பெனி வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டார்.

ஒரே வாரத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் நாங்களும் நழுவ ஆரம்பித்தோம். வெளிச்சத்தில் வீட்டுக்குப் போன என்னைப் பார்த்து, "அம்மா, யாரோ வந்திருக்காங்க" என்றாள் என் பெண்.

மேனேஜர் அண்ணாத்தேயைக் கூப்பிட்டார்.

"இது பிரைவேட். வேலை முடிஞ்சாதான் வீடு."

"மணி அஞ்சுதானே சார்? பிரைவேட்டுக்குன்னு வேற அஞ்சு கீதா?"

"நாளைக்கு ஊதினா, அதோட நின்னுக்கோங்க."

வெளியே வந்தவர் முகம் தொங்கிப் போயிருந்தது. "பையன் காலேஜ்ல கீறான் நைனா. அவன் முடிக்கிற வரிக்கும் இந்த வேல வேணும்" என்றார் என்னிடம்.

மறுநாள் ஐந்து மணி. அண்ணாத்தே கேரியரை மடியில் வைத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐந்தே கால். ஐந்தரை. ஆபீஸில் ஒரு கீபோர்டு சத்தம் இல்லை. அக்கவுண்ட்ஸ் சரளா பையை மாட்டிக்கொண்டு அப்படியே நின்றார். எல்லோரும் அண்ணாத்தேயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மேனேஜர் அறையிலிருந்து வந்தார். அவர் தோளிலும் பை.

"ஒருத்தரும் வேலை செய்ய மாட்டேங்கிறாங்க. எனக்கும் கை ஓடல. ஊதித் தொலைங்க!"

"வேல போய்டுமே சார்?"

"போகாது. ஊதுங்க!"

ஊதினார். முதலில் கேட்டைத் தாண்டியவர் மேனேஜர்.

பையன் படித்து முடித்ததும் அண்ணாத்தே வேலையை விட்டுவிட்டார். போன மாதம் ஆவடி ஸ்டேஷனில் பார்த்தேன்.

"பையன் பிரைவேட்ல சேந்துட்டான் நைனா. ஊட்டுக்கு வர ராத்திரி பத்தாவுது. அவன் ஆபீஸ்ல எனக்கு எதனா வேல கெடைக்குமான்னு கேட்டுகினு கீறேன்."

கிடைக்கட்டும் என்று அன்றிலிருந்து தினமும் சாமியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்காகக்கூட நான் இவ்வளவு கேட்டதில்லை.